கண்ணுக்கு மூன்று அசை, காதுக்கு இரண்டு

பிறமொழியொன்றைக் கற்கப் புகுபவர் முதன்முதற் கற்கவேண்டிய சொல் யாது என்று எவரேனும் நம்மை வினவுவாராயின், 'வணக்கம்' என்றோ 'நன்றி' என்றோ நாம் கூறமாட்டோம். 'மெதுவாக' என்பதையே கூறுவோம். அந்தச் சொல் கைவசம் உள்ளவர் எதிரே நிற்பவரின் பேச்சு வெள்ளத்துக்குச் சிறிதேனும் அணை போடலாம். அது இல்லாதவர் வெள்ளம் இழுத்த வழியே போகவேண்டியவர்தாம்.

இதனை நமக்கு உணர்த்தியவள் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி. அவளுடைய தாயும் தந்தையும் பாரிஸ் நகரில் வாழ்கின்றனர். அவள் அம்மம்மாவுடன் ஊரிலே தங்கிப் படிக்கிறாள். பாரிஸிலே பிறந்த தம்பி ஒருவன் இருக்கிறான், வயது ஏழு. தமிழைக் கேட்டால் அவனுக்கு ஒருவாறு விளங்கும். பேச நா வராது. பிரெஞ்சு மொழியோ அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஞாயிறுதோறும் அக்காளும் தம்பியும் தொலைபேசியிலே முகம் பார்த்துக்கொள்கின்றனர். பார்த்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளத்தான் பொதுவான மொழி இல்லை. ஆதலால் அவள் பழைய பாடநூலொன்றை இரவல் வாங்கித் தானே பிரெஞ்சு கற்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லின் மேலும் தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதி மனனஞ் செய்தாள். 'மெதுவாகப் பேசு' என்பதே அவள் துணிந்து சொன்ன முதல் வாக்கியம். தம்பி அதைக் கேட்டு விழித்தான், பின்பு சிரித்தான், பின்பு முன்னிலும் விரைவாகப் பேசத் தொடங்கினான்.

"சேர், நான் புத்தகத்தில கிடக்கிற மாதிரித்தான் சொன்னனான். தம்பிக்கு விளங்கேல்லை" என்று கொப்பியை நம்முன் நீட்டினாள். அதிலே 'மெதுவாக' என்பதற்கு நேரே 'லெந்-தெ-மெந்த்' என முத்துப்போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தது.

எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அதிற் குறையொன்றும் இல்லை. புத்தகத்திலுள்ள ஒன்பது எழுத்துகளில் ஒன்றையேனும் அவள் விட்டுவிடவில்லை. கெட்டது அதனாலேதான். பாரிஸ் நகரத்துப் பிள்ளை அச்சொல்லை 'லா(ன்)த்-மா(ன்)' என்று இரண்டே அசைகளில் முடித்துவிடுவான். மூன்று அசையும், இருமுறை நா பல்லிற் பதிய ஒலிக்கும் நகரமும், இறுதியில் ஓங்கி விழும் தகரமும் கொண்ட அவளுடைய சொல்லை அவன் ஏதோ ஒரு விளையாட்டுச் சொல் என்றே எண்ணியிருப்பான்.

இக்கிழமை நாம் பேச எடுத்துக்கொண்டது இதுவே: பிரெஞ்சு வினையடைகளை எவ்வாறு அசை பிரிப்பது, பிரித்ததை எவ்வாறு ஒலிப்பது என்பது. இப்பகுதியில் நாம் அந்நிய எழுத்துகளை அச்சிடும் வழக்கமில்லை. ஆகவே ஒரு சொல்லை எழுத்துக்கூட்டியபடி காட்டவேண்டுமிடத்து 'எழுத்துவழி' என்றும், பிரெஞ்சுக்காரர் வாயில் வரும்படி காட்டவேண்டுமிடத்து 'ஒலிவழி' என்றும் குறிப்போம். தகரத்தைக் கண்டவிடத்து நம் 'பத்து', 'பந்து' என்பவற்றிற்போல நாவைப் பல்லிற் பதித்தே ஒலிக்க. ஆங்கிலம் பயின்ற நாவுக்கு அவ்விடத்தில் டகரம் வரும். பிரெஞ்சுக்கு அது ஆகாது. இந்த ஒன்றில் நமக்கு இங்கிலாந்துப் பிள்ளையைக் காட்டிலும் வசதி உண்டு.

அடைப்புக்குறிக்குள் நிற்கும் னகரம் சற்று விளக்கம் வேண்டுவது. அதை ஒலிக்கக் கூடாது. நா எழக்கூடாது; வாயால் வரும் உயிரோசையிற் பாதி மூக்கால் வெளியேறவேண்டும், அவ்வளவே. இதனை மூக்குயிர் என்று கூறலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே சொல்லீற்று னகரமும் மகரமும் பெரும்பாலும் தெளிவாக ஒலிப்பதால் நம் பிள்ளைகளுக்கு இது புதியதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் அதைக் கேளாதவர் அல்லர். தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் ஒருவர் 'அவன்' என்னும்போதும் 'மரம்' என்னும்போதும் ஈற்றெழுத்து எங்கே போகிறதென்று கவனிக்க. நா எழவில்லை, உதடு பொருந்தவில்லை. உயிர் மட்டும் மூக்கேறி நிற்கிறது. பிரெஞ்சு மூக்குயிருக்கு அதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. திரைப்படம் பார்ப்பதற்கு நாம் மாணவருக்கு அனுமதி வழங்கும் அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று என்க.

இனி அசைக்கு வருவோம். மெய்யெழுத்து உடல், உயிரெழுத்து உயிர் என்று நம் இலக்கணம் வகுத்த முறையை மனத்திற் கொண்டவருக்குப் பிரெஞ்சு அசை பிரிப்பிற் பாதி வேலை முடிந்தது. இரண்டு உயிருக்கிடையே ஒரு மெய் நின்றால் அது பின்வரும் உயிரோடு சேர்ந்து உயிர்மெய்யாகும். 'விரைவாக' என்னும் பொருளுடைய சொல்லை அச்சகத்தார் வரியின் ஓரத்தில் உடைக்க நேர்ந்தால் 'ரா-பி-தெ-மெந்த்' என்றே உடைப்பர். மெய் இரட்டித்து வந்தால் நடுவே பிரிப்பர். வல்லெழுத்தின் பின் லகரமோ ரகரமோ ஒட்டி வந்தால் அவ்விணையைப் பிரிக்கமாட்டார்: 'ஒருவேளை' எனப் பொருள்படும் சொல் எழுத்துவழி 'ப்ரொ-பா-ப்ளெ-மெந்த்' ஆகும்.

இது கண்ணுக்குரிய பிரிப்பு. காதுக்குரிய பிரிப்பும் இதே நியாயத்திலேதான் நடக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இறுதி 'மெந்த்' என்பதற்குச் சற்று முன்னே நிற்கும் எகரத்தைப் பிரெஞ்சு இலக்கணக்காரர் 'ஊமை எகரம்' என்பர். ஏட்டில் அதற்கு இடமுண்டு. நாவில் பெரும்பாலும் இல்லை. உயிர் போனபின் அதன் மெய் எங்கே போகும்? முன்னுள்ள அசையின்மேற் சாய்ந்து அதற்கு ஒற்றாகிவிடும். 'ரா-பி-தெ-மெந்த்' என எழுதப்பட்ட நான்கசைச் சொல் 'ரா-பித்-மா(ன்)' என மூன்றசையாகும். 'மென்மையாக' என்பது எழுத்துவழி மூன்று. ஒலிவழி 'தூஸ்-மா(ன்)' என இரண்டு. 'மட்டும்' என்பது 'ஸெல்-மா(ன்)' என இரண்டு. 'இலகுவாக' என்பது நான்கிலிருந்து 'ஃபா-ஸில்-மா(ன்)' என மூன்றாகும். எண்ணவேண்டியவை ஒலிக்கும் உயிர்களேயன்றி எழுதிய உயிர்கள் அல்ல.

ஒலிக்காத எழுத்தை ஏன் எழுதவேண்டும் என்று மாணவி கேட்டாள். எல்லா மாணவரும் கேட்பது இது. நியாயமான கேள்வியும் ஆகும். அதற்கு விடை வேண்டின் உரோமாபுரிவரை போகவேண்டும்.

இலத்தீன் மொழியில் 'மெந்தே' என்றால் 'மனத்தோடு' என்று பொருள். அதன் அடிச்சொல்லும் வடமொழியில் 'மதி' என வழங்கும் சொல்லும் ஒரே வேரிற் பிறந்தவை. பிற்கால இலத்தீனிற் பேசியவர்கள் ஒரு செயல் நடந்த விதத்தைக் கூற 'மெதுவான மனத்தோடு', 'இனிய மனத்தோடு' என்று இரண்டு சொற்களாகச் சொல்லிவந்தனர். நாளடைவில் மனம் மறைந்து உருபு மட்டும் எஞ்சியது. நாம் 'மெதுவாக' என்னும்போது ஈற்றிலுள்ள 'ஆக' என்பது 'ஆகு' என்னும் வினையின் எச்சம் என்பதை நினைப்பதில்லையன்றோ? பிரெஞ்சுக்காரரும் 'மெதுவாக நடந்தான்' என்னும்போது எவருடைய மனத்தையும் நினைப்பதில்லை. ஆனால் இஸ்பானிய மொழியில் அந்தத் தையல் இன்னும் தெரிகிறது. 'தெளிவாகவும் மெதுவாகவும்' என்று அவர் இரண்டை அடுக்குங்கால் 'மெந்தே' என்பதை இறுதிச் சொல்லில் மட்டும் வைத்து முதலாவதை வெறுமனே விடுவர்.

மனத்தைக் குறிக்கும் அவ்விலத்தீன் சொல் பெண்பால். ஆகவே அதற்கு முன் நின்ற அடைமொழியும் பெண்பால் வடிவிலேயே நின்றது. பிரெஞ்சில் 'மெதுவான' என்பதன் ஆண்பால் வடிவம் ஒலிவழி 'லா(ன்)'. ஈற்றுத் தகரம் எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. பெண்பாலுக்கு ஓர் எகரத்தைச் சேர்த்து எழுதுவர். உடனே ஊமையாய்க் கிடந்த தகரம் வாய் திறந்து 'லா(ன்)த்' ஆகும். 'மென்மையான' என்பது ஆண்பாலில் 'தூ', பெண்பாலில் 'தூஸ்'. 'நீண்ட' என்பது 'லோ(ன்)', பெண்பாலில் 'லோ(ன்)க்'. இந்தப் பெண்பால் வடிவத்தோடுதான் 'மா(ன்)' ஒட்டி வினையடை பிறக்கிறது. ஆகவே ஊமை எகரம் வேலையற்று நிற்பதன்று. தான் பேசாவிடினும் தனக்கு முன்னுள்ள மெய்யைப் பேசச் செய்வது அது. நம் எழுத்திலே மெய்யை மெய்யென்று காட்டுவதற்குப் புள்ளி வைக்கிறோம். புள்ளியை எவரும் வாசிப்பதில்லை. ஆயின் புள்ளியில்லாவிடிற் சொல் கெடும். பிரெஞ்சுக்காரர் புள்ளிக்குப் பதிலாக ஓர் எழுத்தையே செலவிடுகின்றனர். சிக்கனம் அறியாதவர் என்று வேண்டுமாயின் குறை கூறலாம்.

இவ்வளவு கேட்டதும் மாணவி மகிழ்ந்து, இனி எந்த வினையடையிலும் அந்த எகரத்தை விழுங்கிவிடுவேன் என்றாள். அங்கேயும் ஒரு தடை உண்டு.

'சரியாக' எனப் பொருள்படும் சொல்லொன்று எழுத்துவழி 'ஜுஸ்-தெ-மெந்த்'. இதில் எகரத்தை விழுங்கிப் பார்க்க: ஸகரம், தகரம், மகரம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாய் முட்டும். அவ்வாறு மூன்று மெய்கள் மோதவருமிடத்தில் ஊமை பேசிவிடும். 'ஜுஸ்-தெ-மா(ன்)' என மூன்றசையே வரும். மொரிஸ் கிராமோன் (1866–1946) என்னும் மொழியறிஞர், தாம் பிறந்த தா(ன்)ப்ரிஷார் என்ற ஊரின் நாட்டுப்புறப் பேச்சை ஆராய்ந்து 1894ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதனை விதியாக எடுத்துக்கூறினார். 'மூன்று மெய் விதி' என அது வழங்குகிறது. பின்வந்தவர்கள் அதற்குப் பல விலக்குகள் கண்டனர் என்பது உண்மையே. எனினும் வினையடைகளைப் பொறுத்தமட்டில் கற்பவருக்கு அதைவிட நல்ல கைத்தடி இல்லை. எகரத்தின் முன் ஒரு மெய் ஒலித்தால் எகரத்தை விடுக. இரண்டு ஒலித்தால் வைத்துக்கொள்க. 'முழுவதும்' என்பது 'கோ(ன்)-ப்ளெத்-மா(ன்)', ஒரு மெய்யே, எகரம் போயிற்று. 'உறுதியாக' என்பது 'ஃபெர்-மெ-மா(ன்)', இரண்டு மெய், எகரம் நின்றது. முன்னே கூறிய 'ஒருவேளை' என்பதிலும் பகரமும் ளகரமும் நிற்பதால் நான்கசையும் முழுதாக ஒலிக்கும்.

முன்னே நிற்பதைப் பார்த்து ஓருயிரைக் குறுக்குவதா வைப்பதா எனத் தீர்ப்பது நமக்குப் புதிய கலையன்று. 'நடு' என்பதன் உகரம் முழுமையாய் ஒலிக்க, 'காடு' என்பதன் உகரம் குறுகுவது ஏன்? தனிக்குறிலை அடுத்து வந்ததா, அன்றா என்று முன்னே பார்த்தன்றோ நாம் குற்றியலுகரத்தைத் துணிகிறோம்? அடுத்து உயிர் வந்தால் அந்த உகரம் இடம் விட்டு ஓடுவதும் நாம் அறிந்ததே. ஊமை எகரமும் உயிரைக் கண்டால் ஓடுவதே. பத்தாம் வகுப்பில் குற்றியலுகரத்தை ஏனோதானோவென்று படித்துவிட்டுப் பிரெஞ்சு கடினம் என்பவருக்கு நாம் சொல்லக்கூடியது, அந்தப் பக்கத்தை மறுபடியும் புரட்டுக என்பதே.

எகரத்தின் தலைமேற் சாய்ந்த கோடொன்று இருக்கக் கண்டால் மேற்கூறிய விதிகள் எவையும் செல்லா. கோடு பெற்ற எகரம் ஊமையன்று. 'துல்லியமாக' என்பது 'ப்ரெ-ஸி-ஸெ-மா(ன்)' என நான்கும் ஒலிக்கும். வேறு சில சொற்களில் எகரம் ஒலியிலிருந்து மட்டுமன்றி எழுத்திலிருந்தும் நீங்கிவிட்டது. 'உண்மையாக' என்னும் 'வ்ரெ-மா(ன்)' அத்தகையது. 'இடைவிடா முயற்சியுடன்' எனப் பொருள்படும் 'ஆ-ஸி-து-மா(ன்)' என்பதில், போன எகரத்தின் நினைவாக அயலிலுள்ள எழுத்துக்குக் குல்லாய் போன்றதொரு குறி அணிவித்திருந்தனர். 1990ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் அக்குல்லாயை அணியாமலும் எழுதலாம் என்று விதித்தன. ஒலியில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

இனி, நாமே வழுக்கி விழுந்த இடத்தைச் சொல்லவேண்டும். 'ஐயமின்றி' என்னும் சொல் எழுத்துவழி 'எ-வி-தெம்-மெந்த்'. இதன் ஈறு மா(ன்) என்பதை அறிந்த நாம், அதற்கு முன்னுள்ளதை எழுதியபடியே எண்ணி 'எ-வி-தெம்-மா(ன்)' என்று பல ஆண்டு சொல்லிவந்தோம். பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் அதைக் கேட்டுப் புன்னகையோடு திருத்திய அன்றுதான் அறிந்தோம், அது 'எ-வி-தா-மா(ன்)' என்று. இரண்டு பிழைகள்: எகரம் அங்கே ஆகாரமாய் ஒலிக்கும், இரட்டித்த மகரம் ஒற்றையாய் ஒலிக்கும். 'அம்மா' என்று வாய் நிறைய அழைத்துப் பழகிய நமக்கு இரண்டு மகரத்தைக் கண்டால் இரண்டையும் ஒலிக்கவே தோன்றும். பிரெஞ்சில் அச்சகத்தார் மட்டுமே அவற்றைப் பிரிப்பர், நா பிரிப்பதில்லை.

எகரம் ஏன் ஆகாரமாயிற்று? பழைய பிரெஞ்சில் மூக்கெழுத்தின் முன் நின்ற எகரம் மூக்கேறி, ஆ(ன்) என்னும் ஓசையாய் மாறிற்று. பிற்காலத்தில் மகரம் அடுத்த அசைக்குச் சென்றுவிட, மூக்கோசை நீங்கி ஆகாரம் மட்டும் எஞ்சியது. 'பெண்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் எழுத்திலே எகரம் கொண்டிருந்தும் 'ஃபாம்' என ஒலிப்பதும் இவ்வாறே. எழுத்து பழையபடி நிற்க, ஓசை நடந்து போய்விட்டது. 'இடையறாது' என்பதற்குரிய 'கோ(ன்)ஸ்-தா-மா(ன்)' எழுத்திலேயே ஆகாரம் பெற்றது. மேற்கூறியது எகரம் பெற்றது. காதுக்கு இரண்டும் ஒரே ஈறு. இவ்வகைச் சொற்களில் ஊமை எகரம் இல்லாமைக்குக் காரணமும் வரலாறே. இவற்றின் அடைமொழிகளுக்கு இலத்தீனில் ஆண்பாலும் பெண்பாலும் ஒரே வடிவம்; சேர்ப்பதற்குப் பெண்பால் எகரம் அக்காலத்தில் இருக்கவில்லை. அவ்வாறாயின் நம் மாணவியின் 'லா(ன்)த்மா(ன்)' மட்டும் ஏன் இக்கூட்டத்தோடு சேரவில்லை? அதன் இலத்தீன் மூலத்துக்குத் தனிப் பெண்பால் வடிவம் இருந்தது. ஆகவே அது எகரத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டது. தோற்றத்தில் ஒன்றாயிருப்பவை எல்லாம் ஒரே குடியிற் பிறந்தவை அல்ல.

தோற்றம் ஏமாற்றும் இன்னோரிடம் வினைச்சொல். 'அவர்கள்' என்னும் பன்மைக்குரிய வினைமுற்றும் அதே நான்கெழுத்தில் முடிவதுண்டு. 'மூடுகிறார்கள்' என்பதை எழுத்துவழி வாசித்தால் 'ஃபெர்-மெந்த்'. ஒலிவழி 'ஃபெர்ம்', ஓரசையே. அவ்வெழுத்துகளையே அச்சொட்டாகக் கொண்ட ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. மாவைப் புளிக்கச்செய்யும் நொதியைக் குறிப்பது அது. ஒலிவழி 'ஃபெர்-மா(ன்)', ஈரசை. மேலே கண்ட 'உறுதியாக' என்பதோ 'ஃபெர்-மெ-மா(ன்)', மூவசை. வாக்கியத்தில் எது வினை, எது பெயர், எது வினையடை என்று அறியாதவன் இவற்றை வாய்விட்டு வாசிக்கவே முடியாது. இலக்கணம் உச்சரிப்புக்கு உதவாது என்பவர்கள் இதற்கு என்ன விடை கூறுவார்களோ, நாம் அறியோம்.

பிரான்சிலே பள்ளிப் பிள்ளைகள் மொழியின் மிக நீண்ட சொல் என்று விளையாட்டாகச் சொல்லிக்காட்டும் சொல்லும் ஒரு வினையடையே. 'அரசியலமைப்புக்கு மாறாக' என்பது அதன் பொருள். 25 எழுத்துகள் கொண்டது. எழுத்துவழி ஒன்பது அசை. ஒலிவழி 'ஆ(ன்)-தி-கோ(ன்)ஸ்-தி-து-ஸியோ-நெல்-மா(ன்)' என எட்டு. மாணவி இதை மூன்றே முயற்சியிற் சொல்லிவிட்டாள். மூன்று மூக்குயிர், ஓர் ஊமை எகரம், இரட்டித்தும் ஒற்றையாய் ஒலிக்கும் மெய் இரண்டு, எல்லாம் ஒரே சொல்லில் கிடைப்பதால் பயிற்சிக்கு இது நல்ல சொல். ஒவ்வோர் அசையையும் ஏறக்குறைய சமமான நிறையோடு சொல்லி, இறுதி மா(ன்) ஒன்றை மட்டும் சிறிது நீட்டுக. முதலசையை அழுத்துவது ஆங்கிலப் பழக்கம்.

காதால் மட்டும் கற்றவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த பகுதியை நம்மவர் 'லாச்சப்பல்' என்று எழுதுகின்றனர். அவ்விடப்பெயரின் ஈற்றில் ஊமை எகரமொன்று எழுதப்பட்டிருக்கிறது. நம்மவர் அதை ஒலிப்பதுமில்லை, எழுதுவதுமில்லை; கேட்டபடி விட்டுவிட்டனர். பகரத்தை மட்டும் தமிழ் வாய் இரட்டித்துக்கொண்டது. பிரெஞ்சு எழுத்திலும் அது ஒற்றையே, ஒலியிலும் ஒற்றை. இலக்கணம் படியாத ஒரு தொழிலாளி காதினாற் கண்டதை நாம் நூலினால் இவ்வளவு சுற்றி வந்து காண்கிறோம்.

'மா(ன்)' என முடியாத வினையடைகள் பலவும் உண்டு. 'மிகுதியாக' என்பது 'போ-கூ'. ஈற்றுப் பகரம் ஊமை. 'நெடுங்காலம்' என்பது 'லோ(ன்)-தா(ன்)'. 'இப்பொழுது' என்பது எழுத்தில் மூவசை, ஒலியில் 'மெ(ன்)த்-நா(ன்)' என ஈரசை. இவற்றை விரிக்க இடமில்லை. ஒன்றை மட்டும் விட்டுச்செல்ல மனமில்லை. அது தம்பியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் வருவது.

'ப்ளு' என்னும் சிறு சொல் அது. அதன் உகரம் நம் உகரமன்று. நாவை இகரத்துக்கு வைத்துக்கொண்டு உதட்டை உகரத்துக்குக் குவித்தால் வருவது. எழுத்தில் ஈற்றிலே ஒரு ஸகரம் உண்டு. 'இன்னும் அதிகம்' என்பதும் இச்சொல்லே; 'இனி இல்லை' என்பதும் இச்சொல்லே. பின்னதற்கு வினையின் முன் எதிர்மறைச் சொல் ஒன்று வரவேண்டுமென்பது இலக்கணம்; வீட்டுப் பேச்சில் அதனை விட்டுவிடுவர். அப்பொழுது இரண்டையும் வேறுபடுத்துவது ஈற்று ஸகரம் ஒன்றே. 'ப்ளுஸ்' என முடித்தால் 'இன்னும் வேண்டும்'. 'ப்ளு' என நிறுத்தினால் 'இனி வேண்டாம்'. அகப்பையோடு நிற்கும் தாய்க்கு ஸகரம் கேட்டதா, கேட்கவில்லையா என்பதில் ஒரு பிள்ளையின் வயிறு தங்கியிருக்கிறது. ஆனால் 'மேலும்' என்னும் பொருளில் மற்றோர் அடைக்கு முன் வந்து, அவ்வடையும் மெய்யெழுத்தில் தொடங்கினால் ஸகரம் ஒலிக்காது. 'மேலும் மெதுவாக' என்பது 'ப்ளு லா(ன்)த்மா(ன்)'.

இதனை அவள் கொப்பியில் எழுதி, பழைய 'லெந்-தெ-மெந்த்' என்பதைக் கோடிட்டு வெட்டி, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை மணியடிக்கு முன்னரே ஆசிரியர் அறை வாயிலில் நின்றாள். முகத்தில் மகிழ்ச்சியும் முறைப்பாடும் ஒருங்கே இருந்தன. தம்பிக்கு விளங்கிவிட்டதாம். உடனே பேச்சை நிறுத்தி, தொலைபேசியைக் கையில் நேராகப் பிடித்துக்கொண்டு, சிறு வாத்தியாரைப்போல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினானாம். பள்ளியில் என்ன சாப்பிட்டான் என்பதை முதன்முறையாக முழுவதும் விளங்கிக்கொண்டாளாம். "ஆனா சேர், அவன் அதைத் திருப்பிச் சொல்லேக்க மூண்டாத்தான் சொன்னவன். லா(ன்)-தெ-மா(ன்) எண்டு, விரலும் மடக்கிக் காட்டினவன். நீங்கள் ரெண்டெண்டல்லோ சொன்னனீங்கள்?"

இரண்டும் சரியே என்றோம். ஊமை எகரம் செத்ததன்று, உறங்குவது. விரைந்த பேச்சில் உறங்கும். எவரேனும் ஒரு சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது விழித்துக்கொள்ளும். வகுப்பிலே ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் வேளையில் அது ஒலிக்கும். தெற்கே மார்சேய், தூலூஸ் முதலிய நகரங்களின் மரபான பேச்சில் நாளெல்லாம் விழித்தே இருக்கும். அவ்வூர்ப் பாட்டி ஒருத்தி இயல்பாகவே மூன்றசையாகச் சொல்வாள். பன்னிரண்டு அசை கொண்ட பழைய பிரெஞ்சுச் செய்யுளடியிலும், அடுத்து மெய் வருமிடத்து அவ்வெகரத்தை ஓரசையாக எண்ணாவிடில் யாப்புக் கெடும். மெதுவாகச் சொல் என்று அக்காள் கேட்டாள். தம்பி 'மெதுவாக' என்பதையே மெதுவாகச் சொன்னான். எகரம் விழித்துக்கொண்டது.

அவள் சிறிது யோசித்தாள். பின்பு கொப்பியை விரித்து, 'லா(ன்)த்மா(ன்)' என்று எழுதியிருந்ததன் நடுவே பென்சிலால் மிகச் சிறியதாக ஒரு 'தெ' எழுதி, அதைச் சுற்றி அடைப்புக்குறியும் இட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.